நூர்ஜானின் தென்னையும் என் குழாய்களும்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்து வாய்க்காலுக்கு வாட்டம் போதாது, கிராணி ஐயா. உள்ளே அழைத்து வரும்போதே கவனித்தேன். குழாயடியிலிருந்து வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடாமல் நிற்கிறது, பாசியும் பிடித்திருக்கிறது. மேல் முனையை இரண்டு செங்கல் உயர்த்திக் கட்டினால் போதும். ஒருநாள் வேலைதான். துரைக்கு இங்கிலீஷில் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மேசைமேல் இருக்கும் போத்தல் என்னுடையதுதான். வாய் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருக்கும், பாருங்கள். கழுத்தில் சுற்றியிருக்கும் துணி என் பழைய வேட்டியில் கிழித்தது. உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியை யாரும் விரலால் தொட வேண்டாம். தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

என் பெயர் பழனியப்பன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். வயது ஐம்பத்திரண்டு. ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்தில் ஷேக் அலாவுதீன் முதலாளிக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அதற்கு நான் கங்காணி. மார்க்கெட் தெருவில் அவர் கடையில் விற்கும் வெற்றிலை முழுக்க என் கையால் வளர்ந்தது. நீங்கள் போடும் வெற்றிலைகூட அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

வெற்றிலைக் கொடிக்குக் காலை மாலை தண்ணீர் வேண்டும், ஆனால் அந்தத் தண்ணீர் காலடியில் நிற்கக் கூடாது. நாலு நாள் நின்றால் அடி அழுகும், எட்டாவது நாள் பாத்தியே போய்விடும். மலையடிவாரத்தில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வாய்க்கால் வெட்டினால் ஒவ்வொரு மழைக்கும் சரிந்து மூடிக்கொள்ளும். முதலாளி இரண்டு வருஷம் நட்டப்பட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

நான் அதற்குமுன் அக்கரையில், செபராங்கில், ஒரு கரும்புத் தோட்டத்தில் இருந்தேன். அங்கே ஒரு துரை மண்ணுக்கடியில் சுட்ட மண் குழாய் பதித்து வயலை வடிய வைத்தார். அவரிடம் கற்றேன். ஒவ்வொரு குழாயும் ஓர் அடி நீளம், உள்ளே கை நுழையும் அளவு. இரண்டரை அடி ஆழத்தில் ஒன்றன் முனையில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு காசுத் தடிப்புக்குச் சந்து விட்டு அதன்மேல் தேங்காய் நார் போட்டு மண்ணைத் தள்ளினால், மண்ணில் மிஞ்சிய தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கி ஓடைக்குப் போய்விடும். மேலே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அப்படி ஆயிரத்துத் தொள்ளாயிரம் குழாய் பதித்தேன். இந்தத் தீவில் வேறு எந்தக் கொடிக்காலிலும் அது கிடையாது. பார்க்க வந்தவர்கள், மழை விட்ட கால் மணி நேரத்தில் பாத்திக்குள் செருப்போடு நடந்து, சேறு ஒட்டவில்லையே என்று செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அந்தச் செருப்புகளைப் பார்க்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

குழாய்க்கு ஒரே எதிரி வேர்தான். அது சந்து வழியாக மயிரிழை போல நுழையும். உள்ளே தண்ணீரைக் கண்டதும் கிளைத்துக் கிளைத்து, குழாயை அடைத்துக்கொண்டு நீளமாக வளரும். குழாயிலிருந்து முப்பதடிக்குள் மரம் இருக்கக் கூடாது என்று அந்தத் துரை அடிக்கடி சொல்வார். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கொடிக்காலின் கீழ்வேலிக்கு அந்தப் பக்கம் சிக்கந்தர் வீடு. சிக்கந்தரைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, சோறும் மீன்கறியும் விற்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் மனைவி நோர்மா இங்கேயே பிறந்து வளர்ந்த ஜாவிப் பெண், தாய் வழியில் மலாய்க்காரி. அவர்களுக்கு ஒரே மகள், நூர்ஜான். சென்ற மாசி மாதம் அவளுக்குப் பதினேழு முடிந்திருந்தது. வேலியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, கொழுந்து வெத்தலை ரெண்டு குடுங்க, உம்மாவுக்கு" என்று கேட்பாள். அவளுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

அவர்கள் வீட்டுப் பின்புறத்தில், வேலிக்கு மிக அருகில், ஒரு தென்னை நின்றது. என் பெரிய குழாயிலிருந்து அளந்தால் இருபதடி.

குழாய் பதித்த இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கீழ்ப்பாத்தி வடியவில்லை. கொடிகள் பழுத்தன. முதலாளி டிராமில் வந்து இறங்கி, குடை பிடித்துக்கொண்டு பாத்தி ஓரத்தில் நின்றார். கூலியாட்கள் நாலு பேரும் நின்றார்கள். நான் குழி தோண்டிக் குழாயைத் திறந்து கையை விட்டு இழுத்தேன். பதினோரு அடி நீளத்துக்கு வேர் வந்தது. பெண்பிள்ளைச் சடை மாதிரி, பழுப்பு நிறம், கிளை கிளையாகப் பிரிந்து, நெடுகிலும் ஜவ்வரிசி ஒட்டியதுபோலச் சின்னச் சின்ன முத்துகள்.

முதலாளி கேட்டார்: "இது எங்கேருந்து வந்துச்சு, பழனி? குழாய் போட்டா தலைமுறைக்கும் கவலையில்லன்னு நீதானே சொன்னே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு மேலே அந்தத் தென்னை தெரிந்தது. "தென்னை வேர் முதலாளி," என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"சித்திரை மழைக்கு மறுபடி தண்ணி நின்னுச்சுன்னா, குழாய எல்லாம் பேத்துப் போட்டுட்டு சீனனுக்குக் குத்தகைக்கு விட்டுடுவேன். அவன் காஞ்ச கம்ப நட்டு வாய்க்கா வெட்டி நல்லாத்தான் பாக்குறான்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டிராமைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சிக்கந்தரிடம் போய் மரியாதையாகக் கேட்டேன். அந்த ஒரு மரத்தை எடுத்துவிடுங்கள், அதற்குப் பதில் அந்தப்பக்கம் நாலு கன்று நானே வைத்துத் தருகிறேன் என்றேன்.

சிக்கந்தர் சிரித்தார். "அது மரமில்ல அண்ணே. எம்மவ மாதிரி."

நோர்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து விவரம் சொன்னாள். நூர்ஜான் பிறந்த அன்று நஞ்சுக்கொடியை மண்சட்டியில் வைத்து அங்கேதான் புதைத்தார்களாம். அதன்மேல் ஊன்றிய தேங்காய்தான் அந்த மரமாம். நோர்மாவின் தாய் வீட்டு வழக்கம் அது. அந்த மரத்துக் காயை யாரும் பறிப்பதில்லை, விற்பதில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் அன்று காலையில் மட்டும் ஓர் இளநீர் இறக்குவார்கள். காய் மண்ணில் படாமல் கயிற்றில் இறங்க வேண்டும். பெண் மூன்று மடக்குக் குடித்த பிறகுதான் கல்யாணப் புடவை.

"மண்ணுல பட்டுடுச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அப்போ அன்னிக்கு அந்த மரத்தத் தொடக் கூடாது அண்ணே. கெணத்துத் தண்ணி குடுத்துடுவோம்," என்றாள்.

"ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு கல்யாணம் வெச்சிருக்கோம்லா," என்றார் சிக்கந்தர். "அவ மூணு மடக்குக் குடிச்சுட்டுப் போயிடட்டும். அப்புறம் நானே வெட்டித் தர்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க அண்ணே."

நியாயமான பதில்தான். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னாலேயே சித்திரை பிறந்துவிடும். முதலாளி கெடு வைத்தது சித்திரைக்கு. நான் குழாயைச் சுத்தம் செய்து மூடினேன், வேலி ஓரத்துச் சந்துகளைத் தாரால் அடைத்தேன். இருந்தாலும் கூலியாட்கள் தினமும் அந்தத் தென்னையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கங்காணி சொன்னதை ஒரு சோற்றுக் கூடைக்காரர் கேட்கவில்லையே என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. ஒன்று சொல்லிவிட்டு அதைச் செய்து முடிக்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

கரும்புத் தோட்டத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் ரப்பர்த் தோட்டத்திலும் இருந்தேன். அங்கே லாலாங் புல்லுக்கு ஒரு மருந்து அடிப்போம். வேண்டாத மரத்துக்கும் அதைத்தான் வைப்போம். வெட்டினால் கிளைக்கும் மரம்கூட அந்த மருந்தில் சத்தம் போடாமல் காய்ந்துபோகும். ஒரு தடவை மருந்து வைத்த மரத்தின் தழையை ஒரு பசு தின்றது. மறுநாள் தொழுவத்திலேயே கிடந்தது. வேரில் வைத்தது நுனி வரைக்கும் போகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல வரவில்லை.

பிப்ரவரி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. சிக்கந்தர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நோர்மாவும் நூர்ஜானும் ஜவுளி எடுக்க டவுனுக்குப் போயிருந்தார்கள். நான் வேலியோரம் தோண்டி, விரல் தடிப்புள்ள ஒரு தென்னை வேரைத் தேடிப் பிடித்து நறுக்கினேன். நறுக்கிய முனையை அந்த மருந்து கரைத்த போத்தலுக்குள் விட்டுத் துணியால் கட்டி, மண்ணை மூடி, மேலே சருகு தள்ளினேன். போத்தல் அவர்கள் வீட்டுப் போத்தல். நோன்புப் பெருநாளுக்கு நோர்மா அதில் தேங்காயெண்ணெய் ஊற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள். கைக்கு அகப்பட்டது அதுதான்.

யாருக்கும் தீங்கு நினைத்து அதைச் செய்யவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் மரம் மட்டை தொங்கிச் செத்துவிடும். செத்த மரத்தில் யார் இளநீர் இறக்கப் போகிறார்கள்? என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாளை மாற்றியது அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்கந்தர் வேலிக்கு மேல் கையை ஆட்டிக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, கல்யாணம் அடுத்த ஞாயித்துக்கெழம. மாப்பிள்ள கமாலுதீனோட கப்பல் முந்திக் கெளம்புதாம், ரங்கூனுக்கு. அதான் முடிச்சுடலாம்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் எளநி எறக்கணும். வேற யாரு ஏறினாலும் எனக்கு மனசு ஒப்பாது."

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மத்தியானம் போய்ப் போத்தலை அவிழ்த்து எடுத்துவிடலாம் என்று மண்ணை விலக்கினேன். போத்தல் காலியாக இருந்தது. இரண்டு நாளில் மரம் ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தது. அதை எடுத்து இனி என்ன ஆகப் போகிறது என்று அப்படியே மண்ணைத் தள்ளி மூடினேன். போத்தல் இன்று உங்கள் மேசைக்கு வந்ததற்கு அந்தச் சோம்பல்தான் காரணம்.

அப்புறம் ஏழு நாள். புதன்கிழமை கீழ் மட்டைகள் மஞ்சளாயின. வியாழக்கிழமை நோர்மா வேலிக்கு வந்தாள். "மரத்துக்கு என்ன ஆச்சு அண்ணே? நீங்க செடி கொடி பாக்குறவங்க, சொல்லுங்க. எனக்கு என்னமோ மனசே சரியில்ல."

"வண்டு கடிச்சிருக்கு. ஒரு மழை பேஞ்சா சரியாயிடும்," என்றேன்.

அவள் நிம்மதியாகப் போனாள். நான் வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு வார்த்தை சொன்னால், ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். வேர் என்று சொன்னால், எந்த வேர், எங்கே காட்டு என்று முதலாளி வரைக்கும் பேச்சு போகும். மூன்று மாதமாக அடங்கியிருந்த பேச்சை மறுபடி கிளப்ப எனக்கு விருப்பமில்லை. தவிர, ஒரு காயில் எவ்வளவு மருந்து இறங்கியிருக்கும்? மூன்று மடக்குத்தானே. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பசு எவ்வளவு தழை தின்றது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசல் நிறையப் பெண்கள். நூர்ஜானுக்கு எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி, ஈரத் தலையோடு ஒரு பாயில் உட்கார வைத்திருந்தார்கள். நான் காலில் தளை போட்டு ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் என் கொடிக்கால் முழுவதும் தெரிந்தது. அதை அப்படி மேலிருந்து நான் பார்த்ததே இல்லை. எந்தப் பாத்தியிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் மின்னவில்லை. பெரிய குழாய் போகும் தடத்தின்மேல் அகத்தி வரிசை பச்சைக் கோடு இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயைக் கயிற்றில் கட்டி அறுத்தேன். முழுப் பாரமும் என் வலது கைக்கு வந்தது. நீங்கள் கேட்கப் போகும் இடம் இதுதான், நானே சொல்லிவிடுகிறேன். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். காய் மண்ணில் விழும், பெண்கள் அடடா என்பார்கள், நோர்மா கொஞ்சம் அழுவாள், கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டியதுகூட இல்லை. அந்த வழி எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது.

கீழேயிருந்து நோர்மாவின் அக்கா ஹமீதா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாத்து எறக்குங்க. கங்காணிக்கு வயசாயிடுச்சு, போட்டுடப் போறாரு." எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷ வேலையில் என் கையிலிருந்து ஒரு குழாய்கூட நழுவி உடைந்ததில்லை. காய் ஆடாமல் அசையாமல் இறங்கி நேராக ஹமீதாவின் மடியில் உட்கார்ந்தது. எல்லோரும் நல்ல கைக்காரர் என்று சொன்னார்கள்.

சீவிக் கொடுத்ததும் நான்தான். நூர்ஜான் மூன்று மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னமோ கரிக்குது மாமா."

"கடக்காத்துப் பட்ட மரம். அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

சடங்குக்கு மூன்று மடக்குப் போதும். ஹமீதா காயை வாங்கக் கை நீட்டினாள். நூர்ஜான் கொடுக்கவில்லை. "மாமா இந்த வயசுல ஏறி எறக்கினது. மிச்சம் வெக்கக் கூடாது," என்று சொல்லி, அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். காலிக் காயை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். நான் அதை ஓடையில் எறிந்தேன்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சிக்கந்தர் தன் கையால் எனக்கு ஆட்டுக்கறி இல்லாமல் தனியாகச் சமைத்து வைத்திருந்தார். நான் அன்று விரதம் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது.

அவள் திங்கட்கிழமை விடியுமுன் வாந்தியெடுக்கத் தொடங்கினாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டாள். பார்க்க வந்த ஆஸ்பத்திரி டிரசர் வாந்திபேதி என்று எழுதினார். கல்யாணக் கூட்டத்தில் அதெல்லாம் வரும்தான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கிணற்றை மூடினார்கள். மையவாடியில் கபர் தோண்டும்போது அடியில் தண்ணீர் ஊறியது. தோண்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான்தான் மண்வெட்டியை வாங்கி, பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் வெட்டி, வாட்டம் பிடித்து வடித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் குழி காய்ந்துவிட்டது. சிக்கந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைய தண்ணில வெக்காம காப்பாத்திட்டீங்க அண்ணே," என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

அந்த மாதக் கடைசியில் மரமும் குருத்துச் சாய்ந்து செத்தது. "கூடப் பொறந்ததாச்சே, கூடவே போயிடுச்சு," என்று நோர்மா அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. சிக்கந்தர் தன் கையாலேயே மரத்தை வெட்டிச் சாய்த்தார். சித்திரை மழையில் குழாய் நன்றாக ஓடியது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

ஆவணியில் மறுபடி அடைத்தது.

அன்றைக்கு நான் தோண்டிக்கொண்டிருந்தபோது சிக்கந்தர் வந்தார். மகள் போனபின் அவர் துறைமுகத்துக்குச் சரியாகப் போவதில்லை. ஏதாவது கைவேலை இருந்தால் தேவலை என்று என்னோடு குழியில் இறங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. குழாயிலிருந்து வேரை இழுத்தது அவர்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"மரம் போயி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. இது பச்சையா இருக்கே அண்ணே," என்றார். பிறகு, "தென்ன வேரு கயிறு மாதிரி ஒரே தடிப்பால்ல இருக்கும்? இதுல முத்து முத்தா இருக்கே."

அவர் குழியிலிருந்து ஏறிப் போய், வெற்றிலைக் கொடி படர நான் நட்டிருந்த அகத்தி வரிசையில் ஒரு கன்றைப் பிடித்துப் பிடுங்கினார். அதன் வேரிலும் அதே முத்துகள். இரண்டு வேரையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள், அப்படியானால் மரம் ஏன் செத்தது என்று பார்க்க, தென்னங்கட்டையைச் சுற்றித் தோண்டியிருக்கிறார். அதற்கும் மறுநாள் காலை இந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு என் குடிசைக்கு வந்தார்.

"நோர்மா குடுத்த போத்தல்தானே அண்ணே இது?" அவ்வளவுதான் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போத்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு டிராம் நிற்கும் இடத்துக்கு நடந்துபோனார்.

அகத்தியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொடி ஏற காய்ந்த கம்பு நடலாமா, அகத்தி நடலாமா என்று முதலாளி ஆரம்பத்தில் என்னிடம்தான் கேட்டார். எங்கள் கொடிக்கால்களில் எப்போதும் அகத்திதான். பச்சைக் காலில் ஏறினால்தான் இலை தடிக்கும் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். குழாயின் தடம் நேராக இருந்ததால் அதன்மேலேயே வரிசை பிடித்தேன். முப்பதடிக்குள் மரம் கூடாது என்று துரை சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அகத்தியை நாங்கள் யாரும் மரம் என்று சொல்வதில்லை. அது கீரை.

முதல் நாள், முதலாளி குடையோடு நின்ற அன்று, கையில் இழுத்ததும் அது என்ன வேர் என்று தெரிந்ததா என்று துரை கேட்கிறாரா? தெரிந்தது. கொடிக்காலில் பிறந்தவனுக்கு அகத்தி வேரின் முத்து தெரியாமல் இருக்குமா? ஆனால் குழாயும் என் யோசனை, அகத்தியும் என் யோசனை. நாலு கூலியாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தென்னை என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது தென்னையாகத்தான் இருந்தாக வேண்டும்.

எழுதியதைப் படிக்க வேண்டாம், நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். மருந்து வைத்தவன் நான். காயை இறக்கியவனும், சீவிக் கொடுத்தவனும், அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். கைநாட்டு எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

அதற்குமுன் அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிராணி ஐயா. பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கடைசிக் குழாய்வரை சரியாக இருந்தது, குழாய் பதித்ததில் ஒரு தவறும் இல்லை என்று. சிக்கந்தர் இன்னும் முதலாளியிடம் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அடைத்தது தென்னை வேர் என்றுதான் முதலாளி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதை மட்டும் நீங்கள் மாற்றிச் சொல்லிவிட வேண்டாம்.